வயது கூடும்போது விந்தணுவை உருவாக்கும் குருத்துச் செல்களுக்கு என்ன நேர்கிறது?

மருதநிலம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகளின் இருப்பு முடிவாகிவிடுகிறது என்றும், ஆணுக்கோ பருவம் எய்திய நாள் முதல் முதுமை வரை விந்தணுக்கள் புதிது புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கின்றன என்றும் பள்ளியில் உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இதை வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள், பிள்ளைப்பேற்றில் ஆணின் வயது ஒரு பொருட்டே அல்ல என்று அடித்துப் பேசுகிறார்கள். எனக்கு 43 வயது, மனைவிக்கு 36. விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை, நகரும் திறன், வடிவம் மூன்றும் இயல்பாகவே இருக்கின்றன. இருந்தாலும் மருத்துவர், “தந்தையின் வயதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்” என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். விளக்கம் கேட்பதற்குள் அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார்கள்.

என் ஐயம் இதுதான். இரண்டரை மாதத்துக்கு முன்பு உருவாகத் தொடங்கிய விந்தணுவுக்கு 43 வயது எப்படி ஆகும்? வயதாவது விந்தணுவுக்கு அல்ல, அதைப் பிறப்பிக்கும் குருத்துச் செல்லுக்குத்தான் (ஸ்டெம் செல்) என்றால், தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் உள்ள அந்தச் செல் எவ்வாறு முதுமை அடைகிறது? அது தீர்ந்துபோகிறதா, சோர்ந்துபோகிறதா, பழுதாகிறதா? இணையத்தில் தேடினால் பாதி அச்சுறுத்தலாகவும் மீதி லேகிய விளம்பரமாகவும் இருக்கின்றன. துறை அறிந்தவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

நுண்நோக்கி

மருதநிலம் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்ட மூன்றில் “பழுதாகிறதா” என்பதற்குத்தான் அதிகச் சான்று இருக்கிறது. ஆனால் அந்தப் பழுது பலரும் எண்ணுவதைவிட மெதுவாக நடக்கிறது.

ஆணின் விதையின் (விந்தகத்தின்) உட்புறம் முழுவதும் சுருண்டு கிடக்கும் மெல்லிய நுண்குழல்களால் ஆனது. ஒவ்வொரு குழலின் சுவரிலும் உள்ள அடிச்சவ்வின் மேல் குருத்துச் செல்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் வழித்தோன்றல்கள் படிப்படியாக முதிர்ந்தபடி குழலின் நடுப்பகுதியை நோக்கி நகர்கின்றன. 1960களில் ஈவ் கிளெர்மான் என்ற ஆய்வாளர் மனித விதையின் திசுவைச் சாயமேற்றிப் பார்த்தபோது, அடிச்சவ்வில் இருக்கும் செல்களில் உட்கரு அடர்ந்து தெரிபவை, வெளிறித் தெரிபவை என இரு வகை இருப்பதை விவரித்தார். வெளிறியவை ஒழுங்காகப் பிரிந்து உற்பத்தியை நடத்துகின்றன, அடர்ந்தவை அரிதாகப் பிரியும் சேமிப்பு என்பது அன்று முதல் நிலவி வரும் கருத்து. உற்பத்திச் சுழற்சி ஒன்றுக்கு 16 நாட்கள் ஆகின்றன. குருத்துச் செல்லில் தொடங்கி வாலுள்ள விந்தணு வரை ஏறக்குறைய 74 நாட்கள். நீங்கள் சொன்ன இரண்டரை மாதக் கணக்கு சரிதான்.

பதினாறு நாட்களுக்கு ஒரு பிரிவு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 23 பிரிவுகள். இந்தக் கணக்கின்படி, 20 வயது இளைஞரின் விந்தணு, கருவாக இருந்த காலம் தொட்டு ஏறக்குறைய 150 செல் பிரிவுகளைக் கடந்து வந்தது; 50 வயதுக்காரரின் விந்தணு 840 பிரிவுகளைக் கடந்து வந்தது என்று மரபியலாளர் ஜேம்ஸ் குரோ மதிப்பிட்டார். கருமுட்டைக்கு இது இருபத்துச் சொச்சப் பிரிவுகளோடு, அதுவும் அந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே இரண்டரை மாத வயதுள்ள விந்தணுவிலும், அது வந்த மரபுவழியின் 43 ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் முந்நூறு கோடி எழுத்துக்கு மேற்பட்ட டி.என்.ஏ. மறுபடி எழுதப்படுகிறது, எப்போதாவது எங்கோ ஓரிடத்தில் எழுத்துப் பிழை விழுகிறது, குருத்துச் செல்லில் விழுந்த பிழை அதன் பிறகு அதிலிருந்து வரும் எல்லா விந்தணுக்களுக்கும் போய்ச் சேர்கிறது.

இந்தப் பிழைகளை நேரடியாக எண்ணியும் பார்த்துவிட்டார்கள். ஐஸ்லாந்தில் தாய், தந்தை, குழந்தை மூவரின் மரபணுத் தொகுதியையும் முழுமையாக வாசித்து, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் மட்டும் காணப்படும் புதிய பிறழ்வுகளைக் கணக்கிட்டார்கள். 2012இல் 78 குடும்பங்களை வைத்து வெளியான முடிவு, தந்தையின் வயது ஓர் ஆண்டு கூடினால் ஏறத்தாழ இரண்டு பிறழ்வுகள் கூடுகின்றன என்றது. 2017இல் 1,548 குடும்பங்களை வைத்து அதே நாட்டில் செய்த பெரிய ஆய்வில், தந்தையின் ஓர் ஆண்டுக்கு 1.51, தாயின் ஓர் ஆண்டுக்கு 0.37 என்று வந்தது. உங்கள் நிலைக்குப் பொருத்தினால், 25 வயதில் தந்தையாகியிருந்தால் குழந்தைக்குப் போயிருக்கக்கூடிய பிறழ்வுகளைக் காட்டிலும் சராசரியாக 27 அதிகம். எந்தக் குழந்தையும் எப்படியும் அறுபது எழுபது புதிய பிறழ்வுகளோடுதான் பிறக்கிறது. புரதத்தைக் குறிக்கும் பகுதி நம் டி.என்.ஏ.யில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை என்பதால், இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் கிடக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த புதிர் இது. ஆண்டுக்கு 23 முறை பிரியும் செல்லில் ஒன்றரைப் பிழைதான் சேர்கிறது. பெருங்குடலின் உட்பூச்சில் உள்ள குருத்துச் செல்லில் ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல் சேர்கிறது. அப்படியானால், விதையின் குருத்துச் செல் உடலின் மற்ற செல்களைவிட மிகுந்த கவனத்தோடு படியெடுக்கிறது என்று கொள்ள வேண்டும்; அல்லது நாம் நினைப்பது போல் அத்தனை முறை அது பிரிவதே இல்லை, இடைநிலைச் செல்களே உற்பத்திச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன என்று கொள்ள வேண்டும். இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம் என்பது என் கருத்து. பெண் பிறந்த பிறகு டி.என்.ஏ.வைப் படியெடுக்கவே செய்யாத கருமுட்டையிலும் வயதோடு பிறழ்வுகள் கூடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், படியெடுக்கும்போது நேரும் பிழை மட்டுமே காரணம் அல்ல, சும்மா இருக்கும் காலத்தில் டி.என்.ஏ.வுக்கு நேரும் சேதமும் இதில் பங்கு பெறுகிறது என்பது தெளிவு.

“சோர்ந்துபோகிறதா” என்பதற்கும் ஒரு வரி. மற்ற பல திசுக்களில் குரோமோசோம்களின் நுனியில் உள்ள டீலோமியர் வயதாக ஆகக் குட்டையாகிறது; செல் சோர்வதன் அடையாளங்களில் அது ஒன்று. விந்தணுவில் இது தலைகீழ்: வயது கூடிய ஆண்களின் விந்தணுக்களில் டீலோமியர் நீண்டு காணப்படுகிறது. டீலோமெரேஸ் நொதி இந்தச் செல் மரபில் ஓயாமல் வேலை செய்வதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

---

தென்கரை

நுண்நோக்கி ஐயா சொன்ன எண்கள் எல்லாம் சராசரிகள். ஆனால் தந்தையின் வயதோடு தொடர்புடைய நோய்களில் சில, இந்தச் சராசரிக் கணக்குக்குள் அடங்குவதே இல்லை. அந்தப் பகுதியையும் இந்த இழையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கை கால் எலும்புகள் குட்டையாக வளரும் அகாண்ட்ரோபிளேசியா என்ற குறைபாடு, ஒரே வீட்டின் குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தவர்களிடம் அதிகம் காணப்படுவதாக 1912இலேயே ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் குறித்துவைத்தார். கடைக்குட்டி என்பதால் தாயின் வயதா, தந்தையின் வயதா என்ற குழப்பம் இருந்தது. 1955இல் லயனல் பென்ரோஸ் அதைப் பிரித்துப் பார்த்துத் தந்தையின் வயதே காரணம் என்றார். பின்னர் இந்தக் குறைபாடு அனேகமாக எப்போதும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஓர் எழுத்து மாறுவதாலேயே வருகிறது என்று தெரிந்தது. ஏறக்குறைய 25,000 பிறப்புகளில் ஒன்று என்பது இதன் அளவு. முந்நூறு கோடி எழுத்துகளில் ஒரே எழுத்து, ஒரே வகையில் மாறுவதற்கு இது நம்ப முடியாத அளவு அதிகம். மண்டையோடும் விரல்களும் ஒட்டி வளரும் ஏபெர்ட் நோய்க்குறிக்கும் இதே கதைதான். அங்கே மாறுவது எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 மரபணு. அந்த எழுத்துகள் தாமாகவே எளிதில் மாறும் இடங்களா, அல்லது வேறு ஏதோ நடக்கிறதா?

இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆர்ன்ஹைம் குழுவினர், இறந்தவர்கள் தானமாக அளித்த முழு விதைகளை ஆறு வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொரு வில்லையையும் 32 துண்டுகளாக்கி, ஆக மொத்தம் 192 துண்டுகளில் ஒவ்வொன்றிலும் ஏபெர்ட் பிறழ்வு எத்தனை செல்களில் இருக்கிறது என்று எண்ணினார்கள். எளிதில் மாறும் எழுத்து என்பதுதான் காரணம் என்றால், பிறழ்வு எல்லாத் துண்டுகளிலும் ஏறக்குறைய ஒரே சீராகத் தூவிக் கிடக்க வேண்டும். கண்டது அதுவல்ல. பெரும்பாலான துண்டுகளில் அனேகமாக ஒன்றுமே இல்லை. ஒரு சில துண்டுகளில் மட்டும் மிகப் பெரும் எண்ணிக்கை. நெல்வயலில் ஓரிடத்தில் விழுந்த கோரை, அங்கேயே கிழங்கு விட்டு வட்டமாகப் பரவியிருப்பது போன்ற காட்சி. அதாவது பிறழ்வு எப்போதாவது ஒரு குருத்துச் செல்லில் நேர்கிறது; நேர்ந்த பின் அந்தச் செல் தன் பக்கத்துச் செல்களைவிட வேகமாகத் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது.

ஆக்ஸ்போர்டில் ஆன் கோரியலி, ஆண்ட்ரூ வில்கி ஆகியோர் இதைக் குருத்துச் செல்களின் தன்னலத் தேர்வு என்று அழைத்தார்கள். இயல்பான குருத்துச் செல் பிரியும்போது, சராசரியாக ஒரு மகவு குருத்துச் செல்லாகவே தங்கிவிட, மற்றொன்று விந்தணுவாக முதிரும் பாதையில் செல்கிறது. இருப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வளர்ச்சிச் சமிக்ஞையை மிகைப்படுத்தும் பிறழ்வு கொண்ட செல்லோ, அவ்வப்போது இரு மகவுகளையும் குருத்துச் செல்களாகவே வைத்துக்கொள்கிறது. இந்தச் சிறு சாய்வு இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்தால் போதும், ஒரு செல் பெரிய திட்டாகிவிடும். நூனன் என்ற பிறவி நோய்க்குறிக்குரிய பி.டி.பி.என்.11, காஸ்டெல்லோ என்ற பிறவி நோய்க்குறிக்குரிய எச்.ராஸ் ஆகிய மரபணுக்களும் இதே சமிக்ஞை வழியைச் சேர்ந்தவை என்பது தற்செயல் அல்ல. அவற்றில் சில புற்றுநோயிலும் பெயர் பெற்றவை. விதையில் அவை கட்டியை உண்டாக்காமல் விந்தணுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. குருத்துச் செல்லுக்கு ஆதாயம், பிறக்கும் குழந்தைக்கு இழப்பு.

2025இல் இங்கிலாந்தின் சாங்கர் மரபணு ஆய்வு நிறுவனத்தாரும் லண்டன் கிங்ஸ் கல்லூரியினரும் 24 முதல் 75 வயது வரையிலான ஆண்களின் விந்தணுக்களை மிகத் துல்லியமான முறையில் வாசித்து, இவ்வாறு தேர்வு பெறும் மரபணுக்கள் பத்துப் பன்னிரண்டு அல்ல, நாற்பது என்று காட்டினார்கள். நடுவயதையும் முதுமையையும் சேர்ந்த ஆண்களின் விந்தணுக்களில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை ஏதேனும் ஒரு நோய் தரக்கூடிய பிறழ்வைச் சுமக்கின்றன என்பது அவர்களின் மதிப்பீடு. இது விந்தணுக்களின் கணக்கு, குழந்தைகளின் கணக்கு அல்ல. அத்தகைய விந்தணுக்களில் பல கருவுறாமலோ கரு நிலைக்காமலோ போகக்கூடும். செய்தித்தாள் தலைப்புகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டன.

---

குழல்விளக்கு

கருத்தரிப்பு ஆய்வகம் ஒன்றில் பணியாற்றுபவள் என்ற முறையில், குருத்துச் செல்லைச் சுற்றி இருப்பவற்றைப் பற்றிச் சொல்கிறேன். மேலே இருவரும் வித்தான குருத்துச் செல்லைப் பற்றிப் பேசினார்கள், அது ஊன்றியிருக்கும் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை.

குருத்துச் செல் தனித்து இயங்குவதில்லை. அதற்குச் சோறு போடுவதும், எப்போது தன்னைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஜி.டி.என்.எஃப். போன்ற புரதங்கள் வழியாகச் சொல்வதும் குழலுக்குள் இருக்கும் செர்டோலி செல்கள். இவை பெரியவர்களில் பெருகுவதில்லை; வயதோடு எண்ணிக்கையில் குறைகின்றன. குழல்களுக்கு இடையில் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கும் லீடிக் செல்களும் தளர்கின்றன. எலியில் செய்த சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பிரின்ஸ்டர் குழுவினர், எலியின் விந்துக் குருத்துச் செல்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இளம் எலிகளின் விதைக்கு மாற்றிக்கொண்டே வந்தபோது, அவை மூன்று ஆண்டுகளுக்கு மேல், அதாவது எலியின் வழக்கமான ஆயுளையும் தாண்டி, விந்தணு உற்பத்தியைத் தொடர்ந்தன. ஆனால் அதே இனத்துக் கிழ எலிகளின் விதையோ அதற்குள் சுருங்கிப்போயிருக்கும்.

மனிதரில் இதற்கு இணையான சான்று 2022இல் யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. உறுப்புக் கொடையாளர்களான, 17 முதல் 22 வயது வரையிலான இளைஞர்களையும் 62 முதல் 76 வயது வரையிலான முதியவர்களையும் எடுத்துக்கொண்டு, விதையின் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று பார்த்தார்கள். குருத்துச் செல்களில் வயதால் ஏற்பட்ட மாற்றம் மிதமாகவே இருந்தது. பெரிய மாற்றம் செர்டோலி, லீடிக் செல்களிலும் குழலின் சுவரிலும்தான்: அடிச்சவ்வு தடித்திருந்தது. முதியவர்களே இரு பிரிவாகப் பிரிந்தார்கள் என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த முடிவு. ஒரு பிரிவினருக்கு விந்தணு உற்பத்தி முழுமையாக நடந்துகொண்டிருந்தது. மறு பிரிவினருக்கு அது பாதியில் நின்றிருந்தது. பின்னவர்கள் அனைவரும் உடல் நிறை குறியீடு 30க்கு மேற்பட்டவர்கள். ஆய்வுக்குட்பட்டவர்கள் சிலரே என்பதால் இதை முடிந்த முடிவாக நான் கொள்ளவில்லை. ஆனாலும் முதுமையோடு உடல் பருமனும் சேரும்போதுதான் சூழல் குலைகிறது என்ற திசையை அது காட்டுகிறது.

விந்தணு வெளிவராதவர்களுக்கு விதையைத் திறந்து குழல்களைத் தேடும்போது, உற்பத்தி நடக்கும் குழல் சற்றுப் பருத்து, வெண்மையாக, ஒளி புகாமல் தெரியும். தழும்பேறிய குழல் மெலிந்து, ஒளி ஊடுருவும் நூல் போலக் கிடக்கும். இரண்டும் அடுத்தடுத்தே இருக்கும். வயதானவர்களின் விதையிலும் சிதைவு இப்படித்தான் திட்டுத் திட்டாக நடக்கிறது, ஒரே நாளில் ஒட்டுமொத்தமாக அல்ல. 1982இல் ஜெர்மனியில் எபர்ஹார்ட் நீஷ்லாக் குழுவினர் இளம் தந்தையரையும் தாத்தாக்களையும் ஒப்பிட்டபோது, தாத்தாக்களின் விந்தணு எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை, நகரும் திறன்தான் குறைந்திருந்தது. உங்கள் பரிசோதனை முடிவு இயல்பாக இருப்பதில் வியப்பில்லை. அது அளப்பது உற்பத்தியை. தென்கரை சொன்ன திட்டுகளை அந்தப் பரிசோதனையால் காண முடியாது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விந்தணுவின் டி.என்.ஏ. இழை முறிவு வயதோடு கூடுகிறது. 22 முதல் 80 வயது வரையிலான 97 ஆண்களிடம் 2006இல் செய்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. அதே ஆய்வில், குரோமோசோம் எண்ணிக்கை தவறும் விந்தணுக்கள் வயதோடு கூடவில்லை. இழை முறிவு பெரும்பாலும் குருத்துச் செல்லில் நேர்வதல்ல, விந்தணு முதிரும்போதும் வெளிவரக் காத்திருக்கும்போதும் நேர்வது. புகை, சூடு, விதைப்பையில் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருளும் வேரிகோசீல் போன்றவை இதைக் கூட்டும். ஆகவே இதை ஓரளவு மாற்றவும் முடியும். குருத்துச் செல்லில் படிந்துவிட்ட பிறழ்வை மாற்ற முடியாது.

---

மருதநிலம்

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு துணைக் கேள்விகள். பிறழ்வு இல்லாத விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் பரிசோதனை ஏதேனும் இருக்கிறதா? தந்தையின் வயதால் ஆட்டிசமும் மனச்சிதைவும் வரும் என்று படித்தேனே, அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

---

நுண்நோக்கி

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். வயதான தந்தையரின் பிள்ளைகளிடம் அவை சற்று அதிகம் காணப்படுகின்றன என்பது பல நாடுகளில் உறுதியான புள்ளிவிவரம். ஆனால் புதிய பிறழ்வுகள் மட்டுமே அந்தக் கூடுதலை விளக்கப் போதவில்லை என்று 2016இல் ஒரு மரபியல் கணக்கீடு காட்டியது. அத்தகைய மனப்போக்குக்கான மரபுக் கூறுகளை ஏற்கெனவே உடைய ஆண்கள் தாமதமாக மணம் செய்துகொள்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். வேலை, வீட்டுச் சூழல், பெண் அமையாதது போன்ற காரணங்களால் தள்ளிப்போன ஒருவருக்கு அந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே பொருத்துவது நியாயம் ஆகாது.

---

குழல்விளக்கு

முதல் கேள்விக்கு: இல்லை. ஒரு விந்தணுவின் டி.என்.ஏ.யை வாசிக்க வேண்டுமானால் அந்த விந்தணுவை அழித்தாக வேண்டும். கருமுட்டைக்குள் ஊசி வழியாக விந்தணுவைச் செலுத்தும் சிகிச்சையில் நாங்கள் பார்த்துத் தேர்வது வடிவத்தையும் அசைவையும்தான். விந்தணுவை வாசிக்க இயலாவிட்டாலும் கருவைக் கண்காணிக்க இயலும். வழக்கமான ஐந்தாம் மாத ஸ்கேனை அவசியம் எடுங்கள். ஆனால் அகாண்ட்ரோபிளேசியாவில் எலும்பு குட்டையாவது பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகே அளவில் தெரியவரும் என்பதால், பிந்தைய ஸ்கேனில் தொடை எலும்பின் நீளத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். தந்தைக்கு 43 என்பதற்காக மட்டும் தனிப் பரிசோதனை தேவை என்று நான் சொல்ல மாட்டேன். மரபியல் ஆலோசகரை ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை.

உங்கள் இருவரில் இப்போது காலம் நெருக்குவது உங்கள் மனைவிக்குத்தான். 35 வயதைக் கடந்த பெண் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்குவது வழக்கம். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் சிகிச்சைக்கு ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்று மேல் வரம்பு வைத்திருக்கிறது. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

லேகிய விளம்பரங்களைப் பற்றிச் சொன்னீர்கள். அவற்றைவிட எனக்குக் கவலை தருவது, நாற்பதைத் தாண்டியவர்கள் சோர்வுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் என்று போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டீரோன் ஊசி. வெளியிலிருந்து அது ஏறினால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது. விதைக்குள் உள்ள ஹார்மோன் அளவு சரிந்து, சில மாதங்களில் விந்தணு எண்ணிக்கை பூச்சியம் வரை இறங்கிவிடும். குருத்துச் செல்கள் அங்கேயேதான் இருக்கும், ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் உற்பத்தி மீளும். ஆனால் மீள்வதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகும். உங்கள் மனைவிக்கு 36 வயதாக இருக்கும்போது அந்த ஓர் ஆண்டு உங்களிடம் இல்லை. எனவே யார் பரிந்துரைத்தாலும், குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.